மூன்றாவது வேண்டாம்

சென்னியப்பனின் உதட்டுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் கரண்டி நின்றுவிட்டது. அவரைப் பார்த்துக்கொள்ள வரும் சுகந்தியின் மணிக்கட்டில் இருந்த காப்பு சிவப்பாக எரிந்து இரண்டு முறை அதிர்ந்தது. இனி இருபது நிமிடத்துக்கு அவள் அவரைத் தொடக்கூடாது. கரண்டியைக் கூழ்க் கிண்ணத்தில் திரும்ப வைத்தாள்.

அவர் திறந்த வாயை மூடவில்லை. கிண்ணத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"வேண்டாம்," என்றார். அந்தச் சொல்லில் பசி அப்படியே தெரிந்தது.

"எனக்குக் கேக்குதுங்கய்யா," என்றாள் சுகந்தி, காப்பைத் தட்டிக் காட்டி. "இதுக்குத்தான் கேக்க மாட்டேங்குது."

எழுபத்தொரு வயதில் அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே சொல் அது. முப்பத்தாறு வருடம் பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டு, எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். எட்டு மாதத்துக்கு முன்பு மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று அடைத்துக்கொண்டது. வலது கையும் வலது காலும் பேச்சும் ஒரே மதியத்தில் போயின. 'வேண்டாம்' மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. தண்ணீர் கேட்டாலும் வேண்டாம். ஜன்னலைத் திறக்கச் சொன்னாலும் வேண்டாம். மனைவி கலாமணியைப் பார்த்துச் சிரித்தாலும் அதே வேண்டாம்தான்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று கலாமணிக்குத் தெரியும். அன்று ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு மூன்றாவது கரண்டி ரசம் ஊற்றப் போனாள். கையைத் தட்டுக்கு மேல் குறுக்கே நீட்டி 'வேண்டாம்' என்றார். ஒரு தடவை சொன்னதற்கெல்லாம் நிறுத்துகிற வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. விரல் இடுக்கு வழியாக ஊற்றிவிட்டாள். கை அப்படியே தட்டில் விழுந்தது. அடைப்பு வரும் நேரத்தில் நாக்கில் இருக்கும் சொல் சிலருக்கு அப்படியே தங்கிவிடும் என்று டாக்டர் பிறகு சொன்னார். அவர் சொல்லி முடிக்கும்வரை கலாமணி தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருபது நிமிடம் முடியச் சுகந்தி கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் காத்திருந்தாள். நோயாளியின் ஒவ்வொரு வேண்டாமுக்கும் காப்பில் ஒரு மஞ்சள் புள்ளி விழும், மூன்றானால் சிவக்கும். சிவந்தால் அறையை விட்டும் போகக்கூடாது. முன்பெல்லாம் 'நோயாளி மறுத்துவிட்டார்' என்று எழுதிவிட்டு வெளியே போய் ஃபோன் பார்த்தவர்கள் இருந்தார்களாம். அதனால், தொடவும் கூடாது, கண் பார்வையை விட்டுப் போகவும் கூடாது என்று விதியில் சேர்த்துவிட்டார்கள்.

கலாமணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு கதவோரம் வந்து நின்றாள். "அது என்ன கணக்கு, மூணு? அஞ்சுன்னு வெச்சா இவரு அரைக் கிண்ணமாவது குடிப்பாரில்ல?"

சுகந்திக்குச் சிரிப்பு வந்தது. முதலில் வெளிநாட்டுக் கருவியைத்தான் கொண்டுவந்தார்கள், அது முதல் வேண்டாமிலேயே நிறுத்திவிடும் என்றாள். ஒரு மாதம் ஊரில் ஒரு நோயாளியும் காப்பித் தண்ணி குடிக்கவில்லை. அப்புறம் இங்கே இருக்கிற பிள்ளைகளே உட்கார்ந்து மாற்றி எழுதினார்கள். முதலாவது மரியாதைக்கு, இரண்டாவது கூச்சத்துக்கு, மூன்றாவதுதான் நிஜம்.

"பந்தியில உக்காந்து சாப்பிட்டவன் எவனோ எழுதியிருக்கான்," என்றாள் கலாமணி. "நல்லாத்தான் எழுதியிருக்கான். எங்க மாமாவைத்தான் அவனுக்குத் தெரியலை."

கருவிமேல் உனக்குக் கோபமே வராதா என்று கேட்டாள். சுகந்தி கூழ்க் கிண்ணத்தை மூடிவைத்தாள். பிறகு, இந்தக் காப்புச் சட்டம் வருவதற்கு முன்னால் வேறோர் ஊரில் படுக்கையில் இருந்த ஓர் அம்மாவைப் பார்த்துக்கொண்டதைச் சொன்னாள். சுகந்திக்குக் காலை ஷிப்ட். சாயங்கால ஷிப்ட்டுக்கு வேறொருத்தி. தட்டைக் கண்டாலே அந்த அம்மா வேண்டாம் வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொள்வார். சாயங்காலத்தில் அவர் வாயில் அள்ளித் திணிக்கிறார்கள் என்று சுகந்திக்குத் தெரியாது. ஒரு நாள் மூச்சுக்குழாயில் சோறு அடைத்து அவர் போய்விட்டார்.

"விசாரணைக்கு வந்தவங்க நோட்டை எடுத்துப் பார்த்தாங்க. நாப்பது நாளும் என் கையெழுத்துல ஒரே வரிதாங்க்கா. சாப்பிட அடம், சாப்பிட அடம்னு." காப்பை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். "எனக்கு இதுமேல கோபம் வர மாட்டேங்குது. அலுப்புதான் வருது."

சிவப்பு அணைந்தது. கூழ் ஆறிக் கெட்டியாகியிருந்தது. சுகந்தி வெந்நீர் விட்டுக் கலக்கிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

ஒவ்வொரு சிவப்பும் 'நிறுத்தம்' என்று அலுவலகத்தில் பதிவாகும். ஒரு மாதத்தில் பத்து நிறுத்தம் ஆனால், வீட்டுப் பராமரிப்பை நோயாளி ஏற்கவில்லை என்று பொருள். அவரைப் பராமரிப்புக் கம்பெனியின் இல்லத்துக்கு மாற்றிவிடுவார்கள். தளிர்நிழல் கம்பெனியின் இல்லம் சரவணம்பட்டி தாண்டி இருந்தது. சிங்காநல்லூரில் இருந்த அவர்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ். அந்த மாதம் பதினொன்றாம் தேதிக்குள்ளேயே ஏழு நிறுத்தம் ஆகிவிட்டது.

நாற்பத்திரண்டு வருடத்தில் அவரை விட்டுவிட்டு ஓர் இரவு தனியாகப் படுத்ததில்லை கலாமணி. பிரசவத்துக்குப் போயிருந்தபோதுகூட அவர் மாமனார் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு ஊரே சிரிக்கும்படி செய்தவர். அவள் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் மிக்சியைச் சமையலறையிலிருந்து தூக்கி வந்து, படுக்கையறை அலமாரிமேல் வைத்தாள்.

சுகந்தி கரண்டியை எடுத்தால் மிக்சி ஓடும். குளிப்பாட்டத் தொடங்கினால் ஓடும். முதல் நாள் தேங்காய், அடுத்த நாள் பொட்டுக்கடலை, பிறகு வெறும் தண்ணீர். அந்தச் சத்தத்தில் காப்புக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஏன் என்று சுகந்தி கேட்கவில்லை. சென்னியப்பன் முழுக் கிண்ணமும் குடித்தார். மிக்சி ஓடும்போது மட்டும் முகத்தைச் சுளித்தார். பழைய மிக்சி, அதன் பேரிங் தேய்ந்திருந்தது.

பதினோரு நாள் அப்படிப் போயிற்று. பன்னிரண்டாம் நாள் மேற்பார்வையாளர் தரணிதரன் வந்தான். முப்பது வயதிருக்கும், அதற்குள் கண்ணுக்குக் கீழே பை விழுந்திருந்தது. ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"என் பொறுப்புல அறுபது வீடு இருக்குங்கம்மா," என்றான். "ஒரு நாளைக்கு நாலு தடவை சட்னி அரைக்கிற வீடு இது ஒண்ணுதான்."

கலாமணி அசையவில்லை. "ரெண்டு இட்லி வெக்கட்டுமா தம்பி?"

"வேண்டாங்க."

"மதியம் சாப்பிட்ட மூஞ்சியாத் தெரியலையே."

"இல்லீங்க, வேண்டாங்க."

நான்கு இட்லி வைத்தாள். அவன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டான். கை கழுவி வந்து, சட்னி நன்றாக இருக்கிறது என்றான். பிறகு, கருவியை ஏமாற்றியதற்கு இந்த வீட்டுச் சேவையையே நிறுத்தவேண்டும், தான் அப்படி எழுதப் போவதில்லை, வேறு ஒரு வழி இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னான்.

வழி இதுதான். ஒரு வாரத்துக்கு வீட்டில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். காப்பு சுகந்தியோடு சாயங்காலம் போய்விடும், பெட்டி ராத்திரி பகலாகக் கேட்டுக்கொண்டிருக்கும். சென்னியப்பன் சொல்லும் ஒவ்வொரு வேண்டாமையும் தனித்தனியாக எடுத்து, ஒரே மாதிரித் தொனியில் இருப்பதை ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கும். அவரை நன்றாகத் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து கேட்டுப் பச்சையோ சிவப்போ போடவேண்டும். பச்சை என்றால் 'ஏற்கிறார்'. அந்தத் தொனியைக் காப்பு இனி எப்போதும் எண்ணாது. சிவப்பு என்றால் 'மறுக்கிறார்'. அதை மட்டும் எண்ணும்.

"யோசிச்சுப் போடுங்கம்மா," என்றான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு. "ஒரு தடவை போட்டா மாத்த முடியாது. சொந்தக்காரங்க நெனச்ச நேரத்துக்கு மாத்துனா, அப்புறம் நோயாளி சொன்னதுக்கு என்ன அர்த்தம் இருக்கும்?"

பெட்டி ஒரு வாரம் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை மதியம், அவர் தூங்கிய நேரத்தில், கலாமணியும் சுகந்தியும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள். மொத்தம் ஒன்பது தொனிகள்.

முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்பது முதலில் கலாமணிக்குப் பயமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். நுனியில் மேலே ஏறினால் தண்ணீர். இழுத்தால் பசி. சட்டென்று வெட்டினால் டிவியில் சேனலை மாற்று. மூக்கால் வந்தால் மூத்திரம். ஒன்று மட்டும் பாதியில் சிரிப்பாக உடைந்தது. அது எதற்கு என்று சுகந்தி கேட்டாள். காலையில் நான் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால் அப்படிச் சொல்வார் என்று சொல்லிவிட்டு, அறுபத்தாறு வயதில் கலாமணி முகம் சிவந்தாள். எல்லாம் பச்சை. எட்டுத் தொனி முடிந்தது. எட்டும் பச்சை.

ஒன்பதாவது, தினமும் ஒரே நேரத்தில் பதிவாகியிருந்தது. சாயங்காலம் ஏழரை. ஆறு மணிக்குச் சுகந்தி போய்விடுவாள். அதன் பிறகு அவரை நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றுவது கலாமணி மட்டும்தான்.

பெட்டி ஒலித்தது. முதலில் கலாமணியின் குரல் வந்தது.

"ஒண்ணு."

"வேண்டாம்."

"ரெண்டு."

"வேண்டாம்."

"மூணு."

"வேண்டாம்."

அதற்குப் பிறகு ஒரு முனகல். அடிவயிற்றிலிருந்து வந்து பல்லுக்கிடையில் நசுங்கிய முனகல். யார் அது என்று கேட்க வாயெடுத்த கலாமணி, அது தன் குரல்தான் என்று தெரிந்து நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த நாள் பதிவும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே, முனகல் மட்டும் கொஞ்சம் நீளமாக.

"கூட எண்ணறாருன்னு நெனச்சிட்டிருந்தேன் கண்ணு," என்றாள் கலாமணி. "தூக்கறதுக்குத் தோதா எங்கூட எண்ணறாருன்னு."

சுகந்தி மேஜையைப் பார்த்தாள். கொடியில் புடவைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டிருந்த இடுப்பு பெல்ட்டை அவள் இரண்டு மாதமாகப் பார்த்துவந்தாள். கேட்டால் அலுவலகத்தில் சொல்லவேண்டிவரும் என்று கேட்காமல் இருந்தாள். முதுகெலும்பில் வட்டு விலகியிருக்கிறது, கனம் தூக்கினால் கால் மரத்துவிடும் என்று டாக்டர் சொல்லி மூன்று மாதம் ஆகிறது என்பதை இப்போதுதான் கலாமணி சொன்னாள்.

இதற்குச் சிவப்பு போட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள். தூக்குவதை அவர் மறுக்கிறார் என்று பதிவாகும் என்றாள் சுகந்தி. ஒருவர் மட்டும் தூக்குகிற வீடு பாதுகாப்பான வீடு இல்லை, இரண்டாவது ஆள் வேண்டும் என்று வரும். சாயங்கால ஷிப்ட்டுக்குக் கம்பெனியில் ஆள் இல்லை, காத்திருப்போர் பட்டியல் அடுத்த வருடம் வரை போகிறது. அதுவரை இல்லம்தான்.

"பச்சை போட்டா?"

"இங்கயே இருப்பாருங்க."

"என்னைக்கும்?"

"உங்க முதுகு தாங்கற வரைக்கும்."

உள்ளே அவர் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. கலாமணி எழுந்திருக்கவில்லை. பெட்டியில் கடைசிப் பதிவை இன்னொரு தடவை போட்டாள். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு, காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்துக் கேட்டாள், ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு அவர் கேட்பதுபோல.

"இவரு பம்ப்செட் கம்பெனியில ஒரு தடவை பெரிய ஆர்டர்," என்றாள் நிமிர்ந்து. "விடிஞ்சா லோடு போகணும். ஓடற மோட்டாரை இவரு நிறுத்திட்டாரு. தேஞ்ச சத்தம் வருது, ஓட்ட மாட்டேன்னு. முதலாளி வந்து கத்தறாரு, இவரு சுவிட்சுமேல வெச்ச கையை எடுக்கவே இல்லையாம்." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "தினமும் ஏழரை மணிக்கு அவருக்குக் கேட்டது என் சத்தம், சுகந்தி. நான்தான் ஓட்டிட்டே இருந்திருக்கேன்."

பச்சை போட்டுவிடுங்கள் என்று சொல்லவேண்டும்போல் சுகந்திக்கு இருந்தது. நாளைக் காலை வேறு வீடு, வேறு கட்டில், வேறு ஆள் என்று போக அவளுக்கும் அலுப்பாக இருந்தது. நாற்பது நாள் ஒரே வரி எழுதிய நோட்டு ஞாபகம் வந்தது. அவள் பெட்டியைக் கலாமணி பக்கம் தள்ளிவைத்தாள்.

"ஒருத்தருக்கு இருக்கறதே ஒரு சொல்லு," என்றாள் கலாமணி. "அதுல நெசமா மறுக்கறது இது ஒண்ணு. இதையும் நானே அழிச்சிட்டா அப்புறம் அவருகிட்ட என்ன இருக்கு?"

சிவப்பை அழுத்தினாள்.

வெள்ளிக்கிழமை வேன் வந்தது. மூன்று மாதத்தில் சாயங்காலத்துக்கு ஆள் கிடைத்துவிடும் என்று தரணிதரன் சொன்னான். அவன் சொன்னதை அவனே நம்பியதாகத் தெரியவில்லை. மிக்சியைச் சமையலறையில் பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டுச் சுகந்தி கிளம்பினாள். வாசலில் கலாமணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, போய்ட்டு வரேங்க்கா என்றாள். அவள் இனி வரப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும்.

இல்லத்தில் பார்வையாளர் நேரம் நான்கிலிருந்து ஆறு. சொந்தக்காரர்களும் வாசலில் ஒரு காப்பு மாட்டிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். கலாமணியின் கையில் ஏற்கெனவே இருந்த இரண்டு தங்க வளையலுக்கு நடுவில் அது இடித்துக்கொண்டு உட்கார்ந்தது.

ஒன்பது நாளில் அவர் கொஞ்சம் சதைப்பிடித்திருந்தார். அவளுக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது, சுருக்கென்றும் இருந்தது. கூழை ஒரு சொட்டு விடாமல் குடிக்கிறார் என்றாள் அங்கிருந்த நர்ஸ் பெண். வேண்டாம் என்கிறார், காப்பு பேசாமல் இருக்கிறது, ஊட்டிவிடுகிறோம். இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிறார்கள். அப்போது அவர் வாயே திறப்பதில்லையாம்.

பத்தாம் நாள் ஆறு மணிக்கு மணி அடித்தது. கலாமணி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு பஸ்ஸும் உட்கார இடமில்லாமல் வரும் நேரம்.

"கெளம்பட்டுங்களா மாமா?"

"வேண்டாம்."

இதுவரை ஒன்பது நாளும் அவர் பேசாமல் தலையைத்தான் ஆட்டியிருந்தார். அவள் கையில் காப்பு ஒரு மஞ்சள் புள்ளி காட்டியது. எண்ணுகிறது என்றால் அது அந்தத் தொனி. ஏழரை மணித் தொனி.

"மணி ஆயிருச்சுங்க. வெரட்டுவாங்க."

"வேண்டாம்." இரண்டாவது புள்ளி.

"நாளைக்கு வெள்ளனே வந்தர்றேன்."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைப் பார்த்தார். ஒரு மோட்டாரின் சுவிட்சைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"வேண்டாம்."

காப்பு சிவந்து இரண்டு முறை அதிர்ந்தது. நேரமாகிவிட்டது என்று சொல்ல வந்த நர்ஸ் பெண் சிவப்பைப் பார்த்து நின்றாள். காப்பு போட்டவர் இருபது நிமிடம் நோயாளியின் கண் பார்வையை விட்டுப் போகக்கூடாது. பார்வையாளர் நேரம் முடிந்திருந்தால் என்ன செய்வது என்று விதியில் யாரும் எழுதவில்லை. அவள் சுவரில் ஒட்டியிருந்த விதிகளை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை படித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

கலாமணி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தொடக்கூடாது. இருபது நிமிடம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணமான புதிதில் ஆள் நிறைந்த வீட்டில் அப்படித்தான் இருந்தார்கள். முதுகு வலி மெல்ல இறங்கியது.

சிவப்பு அணைந்தது. அவள் எழுந்து பையை எடுத்தாள்.

"இப்பவாவது கெளம்பட்டுங்களா?"

அவர் உதட்டின் ஒரு பக்கம் மட்டும் மேலே போனது. மறுபக்கம் ஒன்பது மாதமாக அசைந்ததில்லை.

"வேண்டாம்."

ஒரே ஒரு மஞ்சள் புள்ளி. கலாமணி பையைக் கீழே வைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, முதல் வேண்டாமிலேயே நிறுத்திவிட்டாள். சிவந்தால்தான் தொடக்கூடாது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவருடைய இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நர்ஸ் பெண் அந்த ஒற்றைப் புள்ளியைப் பார்த்தாள். ஒன்றுக்கெல்லாம் யாரும் இருக்கவேண்டியதில்லை என்று அவளுக்கும் தெரியும். பக்கத்துக் கட்டிலின் போர்வையைச் சரிசெய்யத் திரும்பிக்கொண்டாள்.

"மீதி ரெண்டையும் மெதுவாச் சொல்லட்டுங்கம்மா," என்றாள்.